தாகம் எடுக்காத படை

சாவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. நாடகக் குழுவில் வேலைக்காரனாகவும் வழிப்போக்கனாகவும் கூட்டத்தில் ஒருவனாகவும் வந்து போனவனுக்கு வசனம் கிடைப்பதே அபூர்வம். ஆனால் கதையில் எவனாவது சாக வேண்டுமென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கத்திக்குத்துக்கு ஒரு விதமாக விழுவான், விஷத்துக்கு இன்னொரு விதமாக. நாடகம் பார்க்க ஆள் வருவது நின்று குழு கலைந்தபோது, இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு எங்கே போய்ப் பிழைப்பது என்று தெரியாமல் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்தான். அப்போதுதான் போர் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று, நன்றாக விழத் தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது.

கம்பெனி ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் யார், என்ன என்று விசாரிக்காமல் கடவுச்சொல் கேட்டாள். அவன் விழித்தான். "எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. வெற்றின்னு சொல்லிடுங்க, இல்லன்னா கேமராவுல பார்த்துட்டு என்னைத் திட்டுவாங்க" என்று உதடு அசையாமல் சொல்லிக்கொடுத்தாள். அவனும் வெற்றி என்றான். உள்ளே விட்டாள்.

முதலாளியை எல்லோரும் ஜெனரல் என்றார்கள். ராணுவத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு, இளம் வயதில் படைக்கு ஆள் எடுத்த நாளன்று காலையில் அவருக்கு வந்து, மதியச் சாப்பாட்டுக்குள் சரியாகிப்போன வயிற்றுவலி. அதன்பிறகு பொம்மைக்குத் தலை வாரும் கேம், பூனையைக் குளிப்பாட்டும் கேம் என்று சில செய்து பார்த்து, எதுவும் எடுபடாமல் கடைசியில் போருக்கு வந்திருந்தார். அவரே வடிவமைத்து அவரே தனக்குக் கொடுத்துக்கொண்ட பதக்கங்கள் நெஞ்சில் வரிசையாகத் தொங்கின. அவர் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் சமையலறையில் கரண்டிகள் கொட்டினாற்போல் சத்தம் வரும்.

அவனுக்கு உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை ஒன்றை மாட்டி, அதன்மேல் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகளை ஒட்டினார்கள். சுற்றிலும் கேமரா வைத்த அறையில் மெத்தைமேல் விழச் சொன்னார்கள். அவன் விழுவதைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். பிறகு அதற்கு ஒரு சிப்பாயின் உருவத்தை மாட்டிவிடுவார்களாம். நெற்றியில் குண்டு பட்டதாக நினைத்துக்கொண்டு விழுந்தான். ஜெனரல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன அழகு" என்றார். "இவரைச் சேர்த்துக்குங்க."

அன்று முதல் அவன் பெயர் பிணம். யாரும் கேலிக்குச் சொல்லவில்லை. அடையாள அட்டையிலேயே பதவி என்ற இடத்தில் அப்படித்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். "பிணம் சார் சாப்டாச்சா?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள்.

முதல் கேம் வெளிவந்து ஓகோவென்று ஓடியது. சுடுவது எல்லா கேமிலும் இருக்கிறது, சாவுதான் இதில் பிரமாதம் என்று விளையாடியவர்கள் எழுதினார்கள். கண்ணிவெடியில், பாலத்திலிருந்து, முள்வேலியில் மாட்டிக்கொண்டு என்று அவன் செத்த சாவுகள் பஸ்ஸிலும் பள்ளிக்கூட வாசலிலும் கைப்பேசிகளில் ஓயாமல் செத்துக்கொண்டிருந்தன. டைல்ஸ் கடைக்காரர் காலிசெய்துகொண்டு போனார். கட்டடம் முழுக்கக் கம்பெனியின் கைக்கு வந்தது.

காசு வந்ததும் ஜெனரலுக்குப் போர் முற்றிவிட்டது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முழங்கால்வரை பூட்ஸ் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. காலையில் கார் நிறுத்துமிடத்தில் அணிவகுப்பு. புரோகிராமர்கள் கீபோர்டைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள். கழிப்பறைக்குப் போவதற்குத் தற்காலிகப் பின்வாங்கல் என்று பெயர். மேலதிகாரிக்குச் சல்யூட் அடித்து அனுமதி வாங்க வேண்டும். அவசரத்தில் சல்யூட்டை மறந்து ஓடியவர்களை மைக்கில் பெயர் சொல்லித் திரும்ப அழைத்து, அடிக்க வைத்து, மறுபடி அனுப்பினார்கள். காய்ச்சல் என்று வராமலிருந்த புரோகிராமர் பெண் ஒருத்தியின் போட்டோவை 'ஓடிப்போனவர்கள்' என்ற பலகையில் ஒட்டினார்கள். அவள் திரும்பி வந்து, தன் படத்துக்குக் கீழே நின்று மன்னிப்பு வாசித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார முடிந்தது. வாசிக்கும்போது இருமினாள். அந்த இருமலுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு வாங்கினார்கள்.

வீட்டில் இதையெல்லாம் நடித்துக் காட்டினால், துணி தைத்துக்கொண்டிருக்கும் அண்ணி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். அண்ணன் சிரிக்கமாட்டார். அவர் நிஜப் போருக்குப் போய் வந்தவர். வரும்போது இடது காது கேட்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே எந்திரங்கள் போடும் இரைச்சலில் ஒருத்தரும் ஒருத்தரிடமும் பேச முடியாது. அந்த வேலையில் அவருக்குப் பிடித்ததே அதுதான். போரைப் பற்றி வீட்டில் அவர் வாய் திறந்ததில்லை. யாராவது கேட்டால், குழாய் சொட்டுகிறதா பார்க்கிறேன் என்று எழுந்துபோய்விடுவார்.

அடுத்த கேமுக்கு 'உண்மை' வேண்டும் என்று ஜெனரலுக்குத் தோன்றியது. மற்ற கம்பெனிகள் உண்மையான முன்னாள் வீரர்களைக் கூப்பிட்டுப் பேசவைத்து அதை விளம்பரம் செய்கிறார்களாம். பிணத்தின் அண்ணன் போர்முனையில் இருந்தவர் என்ற சேதி எப்படியோ அவர் காதுக்குப் போனது. அவர் அவனைக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டார். அண்ணனைக் கூட்டிவர முடியாத தம்பி, சாவுக்கு என்ன விசுவாசமாக இருந்துவிடப் போகிறான் என்று கேட்டார். வேறு பிணம் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அண்ணி ஒரேயடியாக வேண்டாம் என்றாள். "என்கிட்டயே சொன்னதில்ல தம்பி. அங்க போய் எதுக்கு அவர் சொல்லணும்?" ஆனால் அவன் கேட்ட முகத்தைப் பார்த்து அண்ணன் இளகிவிட்டார். உனக்காக வருகிறேன், கொஞ்ச நேரம்தான் என்றார். இருந்ததில் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

கூட்ட அறையில் மேஜையைச் சுற்றி ஜெனரலின் கேப்டன்களும் மேஜர்களும் உட்கார்ந்திருந்தார்கள். விளம்பரப் பிரிவு, விற்பனைப் பிரிவு எல்லாமே மேஜர்கள்தான். போர் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். பெரும்பாலும் காத்திருப்பதுதான் என்றார் அண்ணன். பூட்ஸைக் கழற்றவே முடியாமல் கால் அழுகும், பேதி பிடித்தால் ஒதுங்க இடம் இருக்காது, தலையில் பேன் வரும். எழுதிக்கொண்டிருந்தவர்கள் மெல்லப் பேனாவை வைத்தார்கள். எதிரியை நேருக்கு நேர் பார்த்தபோது என்ன தோன்றியது என்று ஜெனரல் ஆசையோடு கேட்டார்.

"அவன் சட்டையிலயும் பட்டன் போயிருந்துச்சு" என்றார் அண்ணன்.

அறையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்ததாலோ, தம்பியின் வேலைக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாதென்று நினைத்ததாலோ, அண்ணன் தண்ணீர் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, தானாகவே ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். கூட இருந்த சிநேகிதன் ஒருவனுக்கு வயிற்றில் குண்டு பட்டது. தண்ணீர் கேட்டான். வயிற்றில் பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். தூக்கிப்போக ஆள் வரும்வரை எப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்று அண்ணன் கொடுக்கவில்லை. ஆள் வரவில்லை. மறுநாள் வெயில் ஏறும்வரை அவன் கேட்டுக்கொண்டே கிடந்தான். முதலில் கெஞ்சினான், பிறகு திட்டினான், பிறகு குழந்தைபோல உதட்டை மட்டும் அசைத்தான். கடைசிவரை கொடுக்கவில்லை.

"கொடுத்திருக்கலாம்" என்றார். "எப்படியும் போகத்தான் போறான். கொடுத்திருக்கலாம்."

ஜெனரலின் கன்னத்தில் நிஜமான கண்ணீர் வழிந்தது. எழுந்து வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். அண்ணன் தோளுக்கு மேலாக விற்பனை மேஜரைப் பார்த்து, "பொக்கிஷம்யா இது" என்றார்.

அடுத்த வாரமே அது கேமில் ஏறிவிட்டது. குண்டு பட்ட சிநேகிதன் தண்ணீர் கேட்பான். விளையாடுகிறவர் பொத்தானை அழுத்தித் தண்ணீர் கொடுத்தால் கருணைப் பதக்கம் கிடைக்கும். கொடுக்காமல் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தால் உறுதிப் பதக்கம். தங்க நிற பாட்டில் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் காசு.

அந்தச் சிநேகிதனாகச் சாக வேண்டியவன் அவன்தான்.

முடியாது என்று சொல்லத்தான் மெத்தை அறைக்குப் போனான். உள்ளே விளக்கெல்லாம் போட்டு, எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை அவன் செத்த எந்தச் சாவிலும் வசனம் இருந்ததில்லை, இதில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கென்று எழுதிய வசனம். அவன் படுத்தான். "தண்ணி... கொஞ்சம் தண்ணி" என்றான். இன்னும் கொஞ்சம் வறட்சி வேண்டும் என்றார் ஜெனரல். உங்கள் அண்ணன் சொன்னதில் சோகம் இருக்கிறது, வேகம் இல்லை, சீக்கிரமாகக் கெஞ்சுங்கள் என்றார். சீக்கிரமாகக் கெஞ்சினான். நன்றாக வந்தது. அவனுக்கே தெரிந்தது, நன்றாக வந்தது.

அண்ணன் அதைச் சலவைக்கூடத்தில் கேட்டார். மதிய இடைவேளையில் எந்திரங்கள் நின்றிருந்தபோது, வார்டு ஊழியர் ஒருவர் அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்து கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தார். கேட்கிற காதுப் பக்கமாகத் தம்பியின் குரல் தண்ணீர் கேட்டது. ஊழியர் கொடுக்கவில்லை; அவருக்கு உறுதிப் பதக்கம் தேவைப்பட்டது.

அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து, வழக்கம்போலக் கைகால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"குரல் நல்லா வந்திருக்குடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அதன்பிறகு அவனிடம் பேசவில்லை. அண்ணி சாப்பாடு போடுவதை நிறுத்தவில்லை. தட்டை வைக்கும்போது அவன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நாளைக்கு வேலையை விட்டுவிடலாம் என்று அவன் தினமும் நினைத்தான். நாக்கில் கசப்பு ஒட்டிக்கொண்டு எதைச் சாப்பிட்டாலும் மெத்தை ரப்பரின் வாசனை அடித்தது. காலையானால் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அந்தச் சாவின் புகழ் பாதுகாப்பு அமைச்சகம்வரை போனது. இளைஞர்களைப் படையில் சேரத் தூண்ட அரசாங்கமே ஒரு கேம் வெளியிடப்போகிறது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்தார். நிஜமான ராணுவத்தின் வண்டி வாசலில் வந்து நின்றதைப் பார்த்து, பொய் ராணுவம் முழுக்கக் கார் நிறுத்துமிடத்தில் விறைத்து நின்றது. ஜெனரல் அடித்த சல்யூட்டில் அவர் தொப்பியே கழன்று விழுந்தது. அதிகாரி பழைய கேமைப் போட்டுக் காட்டச் சொன்னார். தண்ணீர்க் காட்சி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒரு சிப்பாய் தண்ணி கேட்டுச் சாகறான்னா என்ன அர்த்தம்? வழங்கல் பிரிவு தண்ணி அனுப்பலைன்னு அர்த்தம். அப்ப வழங்கல் பிரிவுக்கு யார் பொறுப்பு? நான். நான் பொறுப்புல இருந்தப்ப ஒருத்தனுக்குத் தாகம் எடுத்ததா ஒரு ஃபைல்லயும் இல்ல."

"நம்ம ஆளுங்களுக்குத் தாகமே எடுக்காதுங்கய்யா" என்றார் ஜெனரல். "இன்னிக்கே எடுத்துடறோம்."

சொன்னபடி அந்தக் காட்சியையே கேமிலிருந்து எடுத்துவிட்டார்கள். பொக்கிஷம் என்று கட்டிப்பிடித்தழுத அதே மனிதர், சட்டையில் விழுந்த பொடியைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டார். சனியன் தொலைந்தது என்று அவனுக்கு ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தச் சிநேகிதன் ஒருமுறை தண்ணீர் இல்லாமல் செத்தான்; இப்போது அவனுக்குத் தாகமே எடுக்கவில்லை என்று ஆகிவிட்டது. அவன் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். அனுமதி வாங்காமல் போனதற்கு மைக்கில் பெயர் வந்தது.

அமைச்சகத்தின் நிபந்தனைகள் அத்தோடு நிற்கவில்லை. புதிய கேமில் நம் வீரர் எவரும் சாகக் கூடாது, காயம்படக் கூடாது, பின்வாங்கக் கூடாது, பயப்படக் கூடாது. தடுக்கி விழுவதுகூட யோசிக்க வேண்டிய விஷயம். ஆக, பிணத்துக்கு வேலை இல்லாமல் போனது. அவனைச் சல்யூட் பிரிவுக்கு மாற்றி, ஒவ்வொரு பதவிக்காரரும் எந்தக் கோணத்தில் கையைத் தூக்க வேண்டும் என்று நடிக்கவைத்துப் படம்பிடித்தார்கள். ஒரே பதவியில் உள்ள இரண்டு பேர் சந்தித்தால் யார் முதலில் கையை இறக்குவது என்ற கேள்வி வந்தது. இறக்குவது பின்வாங்கலா இல்லையா என்று அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வரவில்லை.

எதிரிக்கென்று தனியாகக் குழு போட்டார்கள். எதிரி எந்த நாட்டுக்காரன்போலவும் இருந்துவிடக் கூடாது, பிரச்சினையாகும் என்றது வெளியுறவுத் துறை. முதலில் அவன் மீசையை எடுத்தார்கள். பிறகு அவன் பேசிய மொழியை. பிறகு சீருடையின் நிறத்தை, மூக்கின் வடிவத்தை. எல்லாம் போக எதிரி என்று ஒரு சாம்பல் நிறப் புகை மிஞ்சியது. புகையின் கையில் துப்பாக்கி இருந்தால் நாம் எல்லையைக் கவனிக்காமல் விட்டதாக ஆகுமே என்று ஒருவர் கேட்டார். துப்பாக்கியையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

வெளியீட்டு விழா பெரிய அரங்கில் நடந்தது. அமைச்சர் மேடைக்கு வந்து பொத்தானை அழுத்தினார். பிரம்மாண்டமான திரையில் நம் படை அணியணியாக வந்து புகைக்கு முன்னால் நின்றது. வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், சல்யூட் அடித்தார்கள். சமமான பதவிக்காரர்கள் கையை இறக்கவில்லை. அவர்கள் இறக்காததால் அவர்களுக்குக் கீழே உள்ளவர்களும் இறக்கவில்லை. படை முழுக்க நெற்றியில் கை வைத்தபடி நின்றது. புகை தன்பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது. விளையாட வந்த இளைஞர் பொத்தான்களை மாறி மாறி அழுத்திப் பார்த்துவிட்டு, பாவமாகத் திரும்பிப் பார்த்தார்.

"பாருங்க ஒழுக்கத்தை" என்று கத்தினார் ஜெனரல். அமைச்சர் எழுந்து நின்று கை தட்டினார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

கேமை ஒருத்தரும் வாங்கவில்லை. இலவசமாகக் கொடுத்தபோதும் கைப்பேசியில் இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டார்கள். அப்படி ஒரு கம்பெனியோடு தங்களுக்குத் தொடர்பே இருந்ததில்லை என்றது அமைச்சகம். பூட்ஸ் கொடுத்த கடைக்காரர் பாக்கி கேட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். ஜெனரல் ஆட்களை வேலையை விட்டு அனுப்ப ஆரம்பித்தார். அதற்கு வீரமரணம் என்று பெயர் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் கார் நிறுத்துமிடத்தில் வீரமரணம் அடைந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, ஒலிபெருக்கியில் சோக இசை போட்டு, ஒரு தகரப் பதக்கத்தைக் குத்திவிட்டு, பூட்ஸைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பேச்சும் உண்டு.

"உங்களை அனுப்பறதுல எனக்குத்தான் வலி அதிகம்" என்று பேசுவார் ஜெனரல். "நீங்க உங்க வேலையை மட்டும்தான் இழக்கறீங்க. நான் எத்தனை பேரை இழக்கறேன், யோசிச்சுப் பாருங்க. தியாகம்னா இதுதான். உங்களைத் தியாகம் பண்ற துணிச்சல் எனக்கு இருக்கு." ஒருமுறை அவரே தாங்காமல் அழுதுவிட்டார். இருமலுக்கு மன்னிப்புக் கேட்ட பெண்தான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அவருக்குக் கைக்குட்டை கொடுத்தாள். பிறகு காலுறையோடு தார் ரோட்டில் பஸ் நிறுத்தம்வரை நடந்து போனாள்.

கடைசியில் ஆறேழு பேர்தான் மிஞ்சினார்கள். அப்போது ஒரு குளிர்பானக் கம்பெனியின் மேனேஜர் ஒரு யோசனையோடு வந்தார். அந்தத் தண்ணீர் கேட்டுச் சாகும் காட்சி அவர்களுக்கு வேண்டும். கோடைகால விளம்பரத்துக்கு அதைவிடப் பொருத்தமான தாகம் கிடையாதாம். ஒரே ஒரு மாற்றம்: சிப்பாய் தண்ணி என்று கேட்காமல் அவர்களுடைய பானத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். குடித்ததும் எழுந்து உட்கார்ந்து சிரிக்க வேண்டும். இது ஒன்று நடந்தால் கம்பெனி பிழைத்துவிடும் என்றார் ஜெனரல்.

அவன் கறுப்பு உடையில் மெத்தை ஓரமாக நின்றிருந்தான். ஜெனரல் பக்கத்தில் வந்து, பழையபடி தோளில் கைபோட்டார்.

"உங்க அண்ணனோட சிநேகிதனுக்கு அன்னிக்குக் கிடைக்காதது இன்னிக்குக் கிடைக்கப்போகுது. அதுவும் ஐஸ் போட்டு. அண்ணன்கிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு."

அவன் அந்த முகத்தைப் பார்த்தான். அதில் ஏளனம் இல்லை, சூழ்ச்சிகூட இல்லை. அந்த மனிதர் மனசாரச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுகிப்போனதை மோந்து பார்த்தவன்போல அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடம்பில் ஒட்டியிருந்த வெள்ளை உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேனேஜர் கையில் கொடுத்தான்.

"வேற ஆளைப் பாருங்க" என்றான். "என்னால சாக முடியாது."

வேறு ஆள் யாரும் இல்லை. ஆள் இல்லையென்று மேனேஜர் திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயத்தில், அவன் கழற்றிய கறுப்பு உடையை ஜெனரலே மாட்டிக்கொண்டார். ஜிப் பாதிவரைதான் ஏறியது. அவன் கம்பெனி பூட்ஸை விட்டுவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் எல்லாம் நடந்தது. சுடுங்கள் என்று ஜெனரல் தானே உத்தரவு கொடுத்தார். பிறகு மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தார், முழங்காலை மடக்கி மெதுவாக உட்கார்ந்தார், சாய்ந்து படுத்தார்.

"சார், நீங்க தூங்கப்போற மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர். "குண்டு பட்டிருக்கு சார். இன்னொரு தடவை."

அவன் படியிறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். சலவைக்கூடத்தில் எந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. உலர்ந்த படுக்கை விரிப்புகளைப் பிரித்து அண்ணன் தனியாக மடித்துக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளாக மடித்தால் ஒரு முனை தரையில் புரளும். அவன் போய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் வெடுக்கென்று இழுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விரிப்பை மடித்தார்கள், இன்னொன்றை மடித்தார்கள். வேலையை விட்டுவிட்டதை அவன் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், அதையும் நன்றாக நடித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

விரிப்பின் இரண்டு ஓரங்களும் சேர்ந்தபோது அண்ணனின் வலது காது பக்கத்தில் வந்தது.

"அவர் பேர் என்னண்ணா?" என்று கேட்டான். "நான் கேட்கவே இல்ல."

அந்தக் கூட்ட அறையில் அத்தனை பேரில் ஒருத்தரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அண்ணன் விரிப்பை மேஜைமேல் வைத்து, சுருக்கத்தைக் கையால் நீவினார். நீவிக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னார். எந்திர இரைச்சலில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். ராகமே வராதுடா அவனுக்கு, ஆனா பாடிக்கிட்டே இருப்பான் என்றும் சொன்னார்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே எவனாவது அதற்கும் விலை பேசிக்கொண்டு வந்து நிற்பான்.